போனை எங்கே மாட்டுவது? ஒயரை எங்கிருந்து எடுப்பது?

(தென்காசியில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், குற்றாலத்தில் வாடகை வண்டி ஓட்டும் உறுப்பினர்கள் பேசியதன் எழுத்து வடிவம்)



"குற்றாலத்துல வண்டி ஓட்டுற நீங்க, உங்க தொழிலைப் பத்தி அடுத்த மாசம் ஒரு அரை மணி நேரம் பேசுங்க" என்று தலைவி அக்கா போன கூட்டத்தில் சொன்னார்கள். எதைப் பேசலாம் என்று நாங்கள் யோசித்தோம். கடன் வாங்கிய கதை, லைசென்ஸ் எடுத்த கதை எல்லாம் நீங்கள் கேட்டதுதான். அதனால் சின்ன விஷயம் ஒன்றை எடுத்துக்கொண்டோம். வழி காட்டும் போனைக் காருக்குள் எந்த இடத்தில் மாட்டுவது? அதற்குக் கரண்ட் எங்கிருந்து கொடுப்பது?

"இதுல பேச என்ன இருக்கு?" என்று கேட்பீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம், ஒரு கார்த்திகை மாதச் சாயங்காலம் வரைக்கும்.

அன்றைக்கு எங்களில் ஒருவர் செங்கோட்டையில் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஆரியங்காவு அய்யப்பன் கோயிலுக்குக் கிளம்பினார். பின்சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு தாய். மழைத் தூறல். புளியரை தாண்டி எஸ் வளைவு ஏறும்போது மூடுபனி இறங்கிவிட்டது. போன் ஸ்டாண்ட் முன் கண்ணாடியில், நடுவில், உயரமாக ஒட்டியிருந்தது. ரப்பர் குமிழை அழுத்தி ஒட்டும் சாதாரண ஸ்டாண்ட்தான். கண்ணாடியில் ஈரம் படிந்ததும் ரப்பர் பிடி விட்டது. போனும் ஸ்டாண்டும் சேர்ந்து விழுந்து, உருண்டு, பிரேக் மிதிக்குக் கீழே போய்ச் சேர்ந்தன.

எதிரே லாரி. வலது பக்கம் வளைவு. மிதித்தால் பிரேக் முழுசாக இறங்கவில்லை. அந்த அக்கா பதறாமல் கியரைக் குறைத்து, கை பிரேக்கை மெதுவாக இழுத்து, இடது ஓரம் நிறுத்திவிட்டார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. குழந்தை தூங்கிக்கொண்டே இருந்தது. ஆனால் நிறுத்திய பிறகு அவருக்குக் கால் நடுக்கம் நிற்க ரொம்ப நேரம் ஆனது.

இரவு எங்களிடம் வந்து அவர் சொன்னது இதுதான்: "ஏதாவது ஆகியிருந்தா, ஸ்டாண்ட் விழுந்துச்சுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. பொம்பளை ஓட்டுனா இப்படித்தான்னு சொல்லியிருப்பாங்க." அந்தப் பேச்சுதான் எங்களை உட்கார்ந்து கணக்குப் போட வைத்தது.

குற்றாலத்துக்காரிக்கு மேப் எதற்கு?

நியாயமான கேள்வி. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்விடுவோம். ஆனால் சீசனுக்கு வருகிறவர்கள் அருவியோடு நிற்பதில்லை. பாலருவி, தென்மலை, அச்சன்கோவில், புனலூர் என்று கேட்கிறார்கள். தங்கும் இடத்தைப் போனிலேயே அனுப்பி "இங்க வந்து கூட்டிட்டுப் போங்க" என்கிறார்கள். மேப் இல்லாமல் இன்றைக்கு வாடகை வண்டித் தொழில் ஓடாது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மலையில் டவர் கிடைக்காவிட்டாலும் போனுக்குத் தான் நிற்கும் இடம் தெரியும். இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் விடும் சிக்னலைப் போன் வாங்கிக்கொள்கிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள் கண்ணில் பட்டால் இடத்தைக் கணக்குப் போட்டுவிடும். அதற்கு நெட் தேவையில்லை. மேப் படம் இறங்குவதற்குத்தான் நெட் தேவை. ஆகவே வீட்டிலேயே அந்தப் பகுதி மேப்பை இறக்கிச் சேமித்துக்கொண்டு கிளம்பினால் மலையில் திண்டாட வேண்டாம்.

நம் நாடும் இதில் பின்தங்கவில்லை. நாவிக் என்னும் நம் சொந்த வழிகாட்டும் அமைப்புக்கான முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் போனது. அந்த வகை ராக்கெட்டின் எஞ்சின்களைச் சோதித்துப் பார்க்கும் இடம் நம் பக்கத்து நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரி. நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்று பெருமைப்படலாம்!

போன் வானத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காக உயரே மாட்ட வேண்டியதில்லை. டேஷ்போர்டு மட்டத்தில் இருந்தாலே கண்ணாடி வழியாகச் சிக்னல் வரும். சீட்டுக்கு அடியிலோ, பைக்குள்ளோ வைத்தால்தான் தடுமாறும்.

எங்கே மாட்டலாம்?

இடத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சட்டத்தைப் பார்ப்போம். வண்டி ஓட்டும்போது போனைக் கையில் வைத்துப் பயன்படுத்துவது, 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவில் ஆபத்தான முறையில் ஓட்டுவதாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது 6 மாதம் முதல் 1 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதி, வழி பார்ப்பதற்கு மட்டும் போனைப் பயன்படுத்தலாம், ஆனால் ஓட்டுபவரின் கவனம் சிதறக் கூடாது என்று சொல்கிறது. கவனம் சிதறாத இடம் எது என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு கணக்கு சொல்கிறோம். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு வினாடியில் 11 மீட்டர் ஓடும். இரண்டு வினாடி போனைக் குனிந்து பார்த்தால் 22 மீட்டர் நாம் ரோட்டைப் பார்க்காமல் போயிருப்போம். மலை ரோட்டில் அதற்குள் வளைவே வந்துவிடும்.

நாங்கள் நான்கு இடத்திலும் மாட்டிப் பார்த்தோம்.

1. கண்ணாடியின் நடுவில், உயரே: பார்க்க வசதி. ஆனால் எதிர் ரோட்டையே மறைக்கிறது. எங்கள் போன் விழுந்ததும் இங்கேயிருந்துதான்.

2. கண்ணாடியின் வலது ஓரம்: நம் ஊரில் ஓட்டுபவர் இருப்பது வலது பக்கம். அங்கே ஏற்கனவே கண்ணாடியைத் தாங்கும் கம்பம் மறைக்கிறது. பக்கத்தில் போனும் வந்தால் வலது வளைவில் வருகிற பைக்கும், ரோட்டைக் கடக்கிற ஆளும் காணாமல் போகிறார்கள்.

3. டேஷ்போர்டின் இடது பாதி: பல கார்களில் அந்த மூடிக்குள் ஏர்பேக் இருக்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல் வந்த புது மாடல் கார்களில் முன் பயணிக்கும் ஏர்பேக் கட்டாயம். அதன் மேல் ஸ்டாண்டை ஒட்டினால், ஏர்பேக் வெடித்து விரியும்போது போன் கல் மாதிரி பக்கத்து சீட்டுக்காரர் முகத்துக்கு வரும்.

4. ஸ்டீயரிங்குக்கு இடது பக்கம், டேஷ்போர்டு விளிம்பில் தாழ்வாக: இதுதான் எங்களுக்கு ஒத்து வந்தது. தலையைத் திருப்ப வேண்டாம். கண்ணை லேசாக இறக்கினால் போதும். ரோடும் மறையவில்லை.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இதற்கு அளவே வைத்திருக்கிறார்கள். கண்ணாடியில் மாட்டுவதானால் ஓட்டுபவருக்குத் தள்ளியிருக்கும் கீழ் மூலையில் 7 அங்குலச் சதுரம், அல்லது ஓட்டுபவர் பக்கத்துக் கீழ் மூலையில் 5 அங்குலச் சதுரம், அதற்குள் மட்டும். ஏர்பேக் விரியும் இடத்தில் கூடாது. நம்மிடம் அளவு நாடா இல்லாவிட்டாலும் ஒரு சோதனை இருக்கிறது. ஒருவர் ஓட்டுபவர் சீட்டில் உட்காருங்கள். இன்னொருவர் காரின் முன்னே ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் மெதுவாக நடங்கள், பிறகு குழந்தை உயரத்துக்குக் குனிந்தும் நடங்கள். எந்த இடத்திலாவது போனுக்குப் பின்னால் ஆள் மறைந்தால் அந்த இடம் வேண்டாம். காசு செலவில்லாத சோதனை இது.

ஏசி காற்று வரும் ஜன்னலில் மாட்டும் கிளிப்பும் நல்லதுதான். குளிர்ந்த காற்றில் போன் சூடாகாது. ஆனால் பெரிய போன் என்றால் பிளாஸ்டிக் பட்டை ஒடிந்துவிடும். கண்ணாடியில் படியும் ஆவியை விரட்டச் சூடான காற்று விடும்போது அந்த ஜன்னலை மூடி வையுங்கள். ரப்பர் ஸ்டாண்டே போதும் என்பவர்கள் ஒட்டும் இடத்தை முதலில் நன்றாகத் துடைத்து, ஈரமில்லாமல் காய விட்டு ஒட்டுங்கள். சொரசொரப்பான டேஷ்போர்டில் அது நிற்காது. தினமும் காலையில் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள்.

கரண்ட் எங்கிருந்து?

அடுத்த பாடம் தென்மலையில் கிடைத்தது. குற்றாலத்தில் கிளம்பும்போது போனில் பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தது. ஒயரும் போட்டிருந்தோம். தென்மலை போவதற்குள் போன் அணைந்துவிட்டது! சார்ஜ் போட்டும் எப்படி இறங்கியது?

விஷயம் இதுதான். பழைய கார்களின் பாட்டுப்பெட்டியில் இருக்கும் யு.எஸ்.பி. துளை பாட்டுக்காக வைத்தது. அரை ஆம்பியர்தான் கொடுக்கும். திரை எரிந்துகொண்டு, மேப் ஓடிக்கொண்டிருக்கும் போன் அதைவிட அதிகம் சாப்பிடும். வரவு எட்டணா, செலவு பத்தணா! நம் குழுக் கணக்கு மாதிரிதான், பற்றாக்குறை பேட்டரியில் தெரியும். அதனால் 12 வோல்ட் சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சார்ஜர், 2 ஆம்பியருக்குக் குறையாமல், தரமானதாக வாங்குங்கள். தொட்டால் சுடுகிற மலிவு சார்ஜரைத் தூக்கிப் போடுங்கள்.

சிலர் நேராக ஒயர் இழுக்கக் கேட்பார்கள். அதைத் தெரிந்த எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். அவரிடம் நாம் கேட்க வேண்டியவை மூன்று:

• சாவியைத் திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் இடத்திலிருந்து எடுத்தீர்களா? பேட்டரியிலிருந்து நேராக எடுத்தால், நாலு நாள் வண்டி நின்றாலே பேட்டரி இறங்கிப்போகலாம்.

• 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் பெட்டி போட்டீர்களா?

• அந்த ஒயருக்குத் தனி ஃப்யூஸ் போட்டீர்களா? ஒரு போன் சார்ஜருக்கு 2 அல்லது 3 ஆம்பியர் ஃப்யூஸ் போதும்.

ஃப்யூஸ் என்பது ஒயரின் காவல்காரன். அது போனால் எங்கேயோ கோளாறு என்று அர்த்தம். சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றி ஓட்டுவது, காவல்காரனைக் கட்டிப்போட்டுவிட்டுத் திருடனைக் கூப்பிடுவது மாதிரி. ஒயர் உருகி, வண்டியே தீப்பிடிக்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை. 2019 ஜனவரி 1 முதல் பதிவான வாடகைக் கார், பேருந்துகளில் இடம் காட்டும் பெட்டியும் ஆபத்துப் பொத்தானும் கட்டாயம். அது பயணியின் பாதுகாப்புக்கானது. முக்கியமாக நம் பெண்களுக்கானது. அந்த ஒயரை வெட்டிப் போனுக்குக் கரண்ட் எடுக்க யாராவது யோசனை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

போன் ஒயர் கியர், கை பிரேக், ஸ்டீயரிங், மிதிகள் எதன் குறுக்கேயும் தொங்கக் கூடாது. டேஷ்போர்டு ஓரமாகக் கிளிப் போட்டுக் கொண்டுபோங்கள். வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினால் போனைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். மூடிய காரின் சூடு போன் பேட்டரிக்கு ஆகாது.

ஆட்டோ ஓட்டும் தங்கச்சிமார்களுக்கு ஒரு வார்த்தை. கைப்பிடிக் கம்பியில் நேராக மாட்டினால் அதிர்வு முழுவதும் போனுக்குப் போகும். பெரிய எஞ்சின் பைக்குகளின் அதிர்வில் போன் கேமரா கெடலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. நம் ஆட்டோ குலுக்குவதும் கொஞ்சமில்லை. ரப்பர் வைத்து அதிர்வு குறைக்கும் ஸ்டாண்டாகப் பாருங்கள். சாரலுக்கு உறையும் வேண்டும்.

நாங்கள் எழுதிய தீர்மானம்

ஸ்டாண்ட், சார்ஜர், ஃப்யூஸ் எல்லாவற்றுக்கும் குழுப் பணத்திலிருந்து கொடுக்கலாமா என்று கேட்டபோது, "போன் மாட்டுற கம்பிக்கெல்லாமா குழுக் காசு?" என்று ஒரு மதினி எதிர்த்தார். எஸ் வளைவில் நடந்ததைச் சொன்னோம். கேட்டுவிட்டு முதல் கையெழுத்து அவர்தான் போட்டார். தீர்மானப் புத்தகத்தில் நாங்கள் எழுதியது இவ்வளவுதான்:

1. போகும் இடத்தை வண்டி கிளம்பும் முன்பே போனில் போட்டுவிட வேண்டும்.

2. ஓடும்போது தமிழ்க் குரலைக் காதால் கேட்க வேண்டும். திரையைத் தொடக் கூடாது.

3. மாற்ற வேண்டியிருந்தால் ஓரமாக நிறுத்தி மாற்ற வேண்டும்.

4. போன் கீழே விழுந்தால், வண்டி நிற்கும் வரை எடுக்கக் கூடாது.

5. சீசன் கூட்டத்தில் போலீஸ் வழியை மாற்றினாலோ, வெள்ளத்துக்காக அருவிப் பாதையை அடைத்தாலோ, மேப் என்ன சொன்னாலும் போலீஸ் சொல்வதே முடிவு.

வண்டி ஓட்டாத அக்காமார்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. குழுவாகச் சுற்றுலாவுக்கு வேன் பிடிப்பீர்கள். பிள்ளைகளைக் காரில் அனுப்புவீர்கள். ஏறி உட்கார்ந்ததும் போன் எங்கே மாட்டியிருக்கிறது, ஒயர் எங்கே தொங்குகிறது என்று ஒரு பார்வை பாருங்கள். டிரைவர் போனைக் கையில் எடுத்தால், "தம்பி, ஓரமா நிறுத்திப் பாருப்பா, நாங்க காத்திருக்கோம்" என்று சொல்லுங்கள். சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

அந்த அக்கா இன்றைக்கும் அதே எஸ் வளைவில்தான் ஓட்டுகிறார். கார் கடன் தவணை ஒரு மாதமும் தவறவில்லை. அன்று பின்சீட்டில் வந்த குடும்பம் அடுத்த சீசனுக்கும் அவரைத்தான் கூப்பிட்டது. கூட்டம் முடிந்ததும் எங்கள் கார் வெளியேதான் நிற்கும். வந்து உட்கார்ந்து, அந்த ஆள் மறையும் சோதனையை நீங்களே ஒரு தடவை செய்து பாருங்கள்.