திங்கட்கிழமை நெஞ்சு
(பாபாசாகேப் நினைவுச் சொற்பொழிவின் உரை வடிவம்)



வ.உ.சி. பிறந்த ஓட்டப்பிடாரத்தில் நின்று பேசும்போது, தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் 1908 பிப்ரவரியில் தொடங்கிய வேலைநிறுத்தம் நினைவுக்கு வருகிறது. கூலி உயர்வோடு வார விடுமுறையும் கேட்டார்கள். அந்த ஓய்வு நாளுக்குள் ஒரு நோயின் கதையும் இருக்கிறது.

பஞ்சுத் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவருக்கு, விடுமுறை முடிந்து ஆலைக்குள் நுழையும் முதல் நாள் நெஞ்சு இறுகும். அடுத்தடுத்த நாள்களில் தளரும். போகப்போக வாரம் முழுக்கத் திங்கட்கிழமையாகிவிடும். முற்றிய பிறகு வேலையை விட்டாலும் பழைய மூச்சு திரும்பாது. மருத்துவத்தில் இதன் பெயர் பைசினோசிஸ். எங்கள் தெருக்களில் வெறும் ‘இளைப்பு’.

மருத்துவமனைக்குப் போனால் முதல் கேள்வி, ‘பீடி குடிப்பீங்களா?’ இல்லை என்றால் நம்பமாட்டார்கள். பெண் என்றால் அடுப்புப் புகை என்று எழுதி முடிப்பார்கள். ‘என்ன வேலை பார்த்தீங்க?’ என்ற கேள்வி வராது. ஆனால் புகைபிடிக்காதவர்களுக்கு வரும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் சுமார் 31 விழுக்காட்டுக்கு வேலையிடத் தூசியும் வாயுவும் புகையும் காரணம் என்று அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் மருத்துவர் அமைப்புகள் 2019இல் மதிப்பிட்டன.

தூசி சாதி பார்க்காது என்பார்கள். தூசிக்குப் பக்கத்தில் யாரை நிறுத்துவது என்பதைச் சாதி பார்க்கும். பம்பாய் ஆலைகளில் கூலி கூடுதலான நெசவுப் பிரிவில் தீண்டப்படாதோரைச் சேர்க்கவில்லை. நூலை எச்சில் தொட்டு எடுக்க வேண்டும், அதனால் தீட்டு என்பது காரணம். 1928 வேலைநிறுத்தத்தின்போது, இந்தத் தடையை நீக்குவதும் கோரிக்கையாக வேண்டும் என்று தொழிற்சங்கத் தலைவர்களிடம் வற்புறுத்தினார் அம்பேத்கர். எந்தப் பிரிவில் யார் என்பது கூலிக் கணக்கு மட்டுமல்ல, மூச்சுக் கணக்கும்தான். ஆலையில் தூசி மிகுந்த இடம் பஞ்சைப் பிரிக்கும் புளோரூமும் கார்டிங்கும். இன்று துறைமுகத்தில் நிலக்கரியையும் அனல்மின் நிலையத்தில் சாம்பலையும் யார் கூட்டுகிறார்கள், அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலாவது இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இடம்பெற்ற நோய் இது. கண்டறியும் மருத்துவர் தலைமை ஆய்வாளருக்கு அறிவிக்க வேண்டும் என்றது 89ஆம் பிரிவு. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டமும் இதைத் தொழில்நோய் என்றே ஏற்றது. சட்டம் எழுதிவைத்ததை வாங்க, வேலை பார்த்ததற்குச் சான்று வேண்டும். ஒப்பந்தக் கூலிக்கு அதுதான் இல்லை.

மாணவர்களிடம் நாங்கள் கேட்பது இதுதான். உங்கள் தெருவில் இளைக்கிற ஒவ்வொருவரிடமும் உட்காருங்கள். எந்த ஆலை, எந்தப் பிரிவு, எத்தனை ஆண்டு, கூட வேலை பார்த்தவர் யார் என்று எழுதுங்கள். அந்தத் தாளோடு அவரை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். பீடிக் கேள்வி வரும்போது அதை மேசைமேல் வையுங்கள்.

ஜெய்பீம்.