ஆலோசனைக் குழுவில் ஆசனம் யாருக்காக?

(சிலாவத்துறையில் கமக்காரர், கடற்றொழிலாளர் சங்கங்களின் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



இன்று எம்முன் நிற்கும் கேள்வி ஒன்றே. இன நல்லுறவு என்றும் நல்லிணக்கம் என்றும் பெயர் சூட்டி அரசாங்கம் அமைக்கும் ஆலோசனைக் குழுக்களில் எமது சங்கங்கள் அமரலாமா? அமர்ந்தால் விலைபோய்விடுவோம் என்று சிலர் அஞ்சுகின்றனர். அமராவிட்டால் எம் குரலே இல்லாது போய்விடும் என்று வேறு சிலர் அஞ்சுகின்றனர். இரு சாராரும் எம்மவரே. இரு சாராரின் அச்சத்துக்கும் நியாயம் உண்டு. ஆதலின் கோபத்தையும் ஆசையையும் சற்றே ஒதுக்கிவைத்து, நீதிமன்றில் ஒரு வழக்கை ஆராய்வதுபோல் சான்றுகளை ஆராய்வோம்.

விலகி நின்ற அனுபவம்

1931 ஆம் ஆண்டு டொனமூர் அரசியலமைப்பின் கீழ் அரசாங்க சபைக்கு முதல் தேர்தல் நடைபெற்றது. அவ்வரசியலமைப்பு பூரண சுயாட்சி தரவில்லை என்று கூறி யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரித்தது. அவர்களுடைய நோக்கம் உயர்ந்தது. அதனை எவரும் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் விளைவு யாது? குடாநாட்டின் நான்கு ஆசனங்களும் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. அந்த நான்கு ஆசனங்களுக்காகச் சபை காத்திருக்கவில்லை. மந்திரிகள் தெரிவாயினர், சட்டங்கள் நிறைவேறின. அது சட்டமியற்றும் சபை. இன்று நாம் பேசுவதோ ஆலோசனைக் குழு. எனினும் வெற்றாசனம் தானாக வாய்திறந்து பேசாது என்னும் பாடம் இரண்டுக்கும் பொருந்தும்.

உள்ளே சென்ற அனுபவம்

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். 1965 இல் தமிழரசுக் கட்சி டட்லி சேனநாயக்காவின் தேசிய அரசாங்கத்திற் சேர்ந்தது. செனட்டர் மு. திருச்செல்வம் உள்ளூராட்சி மந்திரியானார். 1968 இல் திருக்கோணேஸ்வர ஆலயச் சூழலைப் புனித நகரமாகப் பிரகடனஞ் செய்வது பற்றி ஆராய அவர் ஒரு குழுவை நியமித்தார். பிக்கு ஒருவரிடமிருந்து எதிர்ப்பு வந்தது. மந்திரியைக் கலந்தாலோசியாமலே பிரதம மந்திரி அக்குழுவின் வேலையை நிறுத்தினார். திருச்செல்வம் பதவி துறந்தார்; கட்சியும் அரசாங்கத்தை விட்டு வெளியேறியது. மந்திரி ஒருவர் நியமித்த குழுவுக்கே இக்கதி என்றால், அதிகாரி ஒருவரின் கடிதத்தால் அமைக்கப்படும் குழு எவ்வளவு உறுதியுடையது? கடிதத்தாற் பிறந்தது கடிதத்தால் மடியும்.

இஃது எமக்கு மட்டும் நேர்ந்ததன்று. பிரித்தானியாவில் 1965 இல் குடியேறிய மக்களின் நலனுக்காகத் தேசியக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவர் கன்ரபரி அதிமேற்றிராணியார் மைக்கேல் ராம்சே. 1968 இல், கென்யாவிலிருந்து வரும் ஆசியர்களைத் தடுக்கும் சட்டமூலம் மூன்றே நாட்களில் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. ஆலோசனை கூறுவதற்கென்றே அமைத்த குழுவிடம் முன்கூட்டி ஆலோசனை கேட்கப்படவில்லை. அதிமேற்றிராணியார் பிரபுக்கள் சபையில் எழுந்து அச்சட்டத்தை எதிர்த்துப் பேச வேண்டியதாயிற்று.

எம் காலத்துச் சான்றுகள்

2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென ஜனாதிபதிச் செயலணி ஒன்று நியமிக்கப்பட்டது. தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அச்செயலணியில், நியமனத்தின்போது ஒரு தமிழரும் இல்லை. ஒரு முஸ்லிமும் இல்லை. 2021 ஒக்டோபரில் “ஒரே நாடு, ஒரே சட்டம்” என்னும் செயலணி கலகொட அத்தே ஞானசார தேரரின் தலைமையில் அமைந்தது. முதலில் அதில் தமிழர் எவரும் இருக்கவில்லை. கண்டனம் எழுந்தபின் தமிழர் சிலர் சேர்க்கப்பட்டனர். சேர்த்ததனால் செயலணியின் நோக்கம் மாறியதா? இல்லை. நோக்கம் பிழையாயின் ஆசனம் வெறும் அலங்காரமே.

2016 இல் நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றி மக்களைக் கலந்தாலோசிக்க மனோரி முத்தெட்டுவகமவின் தலைமையில் பதினொருவர் கொண்ட செயலணி அமைந்தது. அவர்கள் சிவில் சமூகத்தைச் சேர்ந்தவர்கள், நேர்மையாக உழைத்தார்கள். ஏழாயிரத்துக்கு மேற்பட்ட முறைப்பாடுகளும் கருத்துகளும் அவர்களிடம் வந்து சேர்ந்தன. ஆனால் அவர்களுடைய விசாரணை முடியுமுன்னரே, 2016 ஓகஸ்டில், காணாமற் போனோர் அலுவலகச் சட்டம் நிறைவேறியது. 2017 ஜனவரி 3 ஆந் தேதி இறுதி அறிக்கை கையளிக்கப்பட்டபோது அதனைப் பெற ஜனாதிபதியும் வரவில்லை, பிரதமரும் வரவில்லை. சர்வதேச நீதிபதிகளும் பங்குபெறும் நீதிமன்றம் வேண்டும் என்ற அவர்களுடைய பரிந்துரை நிராகரிக்கப்பட்டது.

அப்படியாயின் எல்லாம் வீண்தானா? அன்று. எம் மன்னார் மண்ணிலிருந்தே அதற்குச் சான்று காட்டலாம். 2010 இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு நியமிக்கப்பட்டபோது, அது சுதந்திரமானதன்று, சாட்சிகளுக்குப் பாதுகாப்பு இல்லை என்று கூறி மூன்று பெரிய சர்வதேச மனித உரிமை அமைப்புகள் அழைப்பை மறுத்தன. அவர்கள் கூறிய காரணங்கள் சரியானவையே. எனினும் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரி 8 ஆந் தேதி அவ்வாணைக்குழுவின் முன் சென்றார். ஆண்டகை அங்கே கண்ணீர் வடிக்கவில்லை; கணக்கு ஒன்றை வைத்தார். 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தோர், கச்சேரிகளின் கணக்குப்படி, 429,059 பேர். 2009 ஜூலை வரை அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 282,380 பேர். மிகுதி 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டார்.

அக்கேள்விக்குத் தக்க பதில் வரவில்லை. ஆனால் கச்சேரிக் கணக்கிலிருந்து எழுந்த அக்கேள்வி அரசாங்கம் நியமித்த ஆணைக்குழுவின் பதிவேட்டில் ஏறிவிட்டது. ஆணைக்குழு கலைந்தது, ஆண்டகையும் 2021 இல் மறைந்தார், அந்த எண் இன்றும் நிற்கின்றது. குழுவின் ஆயுள் குறுகியது. அதன் முன் எழுத்தில் வைத்த சான்றின் ஆயுள் நீண்டது. ஆண்டகை அங்கே உறுப்பினராக அமரவில்லை, சாட்சியாகவே சென்றார் என்பதையும் மறவாதிருப்போம். பேசுவதற்கு எப்போதும் ஆசனம் தேவையில்லை.

முசலிப் பற்றின் வழக்கு

இனி இவ்வூரின் வழக்குக்கு வருவோம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம் மக்களை வெளியேற்றினர். முசலிப் பற்றின் முஸ்லிம் ஊர்கள் வெறுமையாயின. மறிச்சுக்கட்டி, கரடிக்குழி, பாலைக்குழி மக்கள் திரும்பி வந்தபோது வீட்டு முற்றத்தில் காடு நின்றது. 2017 மார்ச்சில் மாவில்லு பேணற்காடு என்னும் வர்த்தமானி வந்தது. எங்கள் காணிகளும் எல்லைக்குள் அகப்பட்டன என்று மக்கள் முறையிட்டனர். முள்ளிக்குளத் தமிழ்க் கத்தோலிக்க மக்கள் 2007 இல் தம் ஊரை விட்டு அகற்றப்பட்டனர். கடற்படை அங்கே அமர்ந்தது. 2017 இல் அம்மக்கள் ஒரு மாதத்துக்கு மேல் வீதியோரத்தில் அமர்ந்து போராடிய பின்னரே காணியின் ஒரு பகுதியை விடுவிப்பதாகக் கடற்படை அறிவித்தது. சிலாவத்துறை மக்களும் கடற்படை முகாமுக்குள் அகப்பட்ட தம் காணிகளுக்காகப் போராடினர்.

இவற்றுள் எதையும் ஆலோசனைக் குழு ஒன்று முன்கூட்டித் தடுத்ததா? இல்லை. முள்ளிக்குளத்தில் கிடைத்ததும் மக்கள் போராட்டத்தாற் கிடைத்தது. ஆகவே குழுவில் அமர்கின்றோம் என்பதற்காகப் போராட்டத்தைக் கைவிடும்படி எவர் கேட்டாலும் இணங்கலாகாது.

இன்னுமொன்று. வர்த்தமானிக்கு இலக்கானவர் முஸ்லிம். முகாமுக்கு ஊரை இழந்தவர் தமிழர். வழக்கு ஒன்று, வாதிகள் இருவர். இன நல்லுறவுக் குழு என்று அமைத்து எம்மைத் தனித்தனி நாற்காலிகளில் அமர்த்தினால், காணியைப் பறிகொடுத்த இருவரும் ஒருவர்மேல் ஒருவர் குறைகூறிக்கொண்டிருக்க, காணியை வைத்திருப்பவர் நடுவராகிவிடுவார். இதற்கு நாம் இடமளித்தலாகாது.

எமது நிபந்தனைகள்

அமரலாம் என்பதே எமது முடிவு. ஆனால் ஐந்து நிபந்தனைகள் உண்டு.

முதலாவது, பிரதிநிதியைச் சங்கமே தெரிவுசெய்தல் வேண்டும். அதிகாரி தமக்கு இசைவான ஒருவரை அழைத்து, இவரே உங்கள் ஊரின் குரல் என்று கூறுதல் செல்லாது. அற்றோணித் தத்துவம் பற்றி நீங்கள் அறிவீர்கள். காணிக்காரர் கையொப்பமிட்டால்தான் அற்றோணிக்காரருக்கு அதிகாரம். கொடுத்த அதிகாரத்துக்கு மேல் அவர் எதையும் எழுதிக்கொடுக்க முடியாது. காணிக்காரர் அதனை மீளப்பெறவும் முடியும். எமது பிரதிநிதியின் நிலையும் அதுவே. பொதுக்கூட்டத் தீர்மானம் எழுத்தில் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, முடிவுக்கு முன்னர் எம்மைக் கேட்டல் வேண்டும். கமக்காரருக்கு இதனை விளக்கத் தேவையில்லை. போகத்துக்கு முன் கூட்டம் கூடுகிறது. கட்டுக்கரைக்குளமாயினும் அகத்திமுறிப்பாயினும், குளத்தில் எத்தனை அடி நீர் உண்டென்று நீர்ப்பாசன அதிகாரி முதலில் சொல்கின்றார். அதன்பின் எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்த நாளில் மதகு திறப்பது என்று முடிவாகின்றது. நீரின் அளவை மறைத்துவைத்து, மதகையும் திறந்துவிட்ட பின்னர், உங்கள் ஆலோசனை என்ன என்று கேட்டால் எந்தக் கமக்காரர் அதனைக் கூட்டம் என்பார்? எல்லை வரைபடமும் வர்த்தமானி வரைவும் முன்னரே எம் கைக்கு வருதல் வேண்டும்.

மூன்றாவது, கூட்டக்குறிப்பும் பதிலும் தமிழில் எழுத்தில் வரவேண்டும். இது சலுகையன்று. அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரைப்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களின் நிருவாக மொழி தமிழ். ஆலோசனையை ஏற்காவிடின் ஏன் ஏற்கவில்லை என்பதும் எழுத்தில் வேண்டும். மறைத்தால் 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிப்போம்.

நான்காவது, குழுவுக்குள் நுழையுமுன் முசலிப் பற்றின் தமிழ், முஸ்லிம் சங்கங்கள் ஒருங்கு கூடி ஒரே கோரிக்கைப் பட்டியலை வரைதல் வேண்டும். கருத்து வேறுபாடுகளை எம் வீட்டில் பேசித் தீர்ப்போம்.

ஐந்தாவது, வெளியேறும் வாயில் திறந்திருத்தல் வேண்டும். ஒவ்வொரு கூட்டத்தின் பின்னரும் பிரதிநிதி ஊருக்கு வந்து கணக்குச் சொல்லட்டும். ஒரே விடயத்துக்கு இருமுறை எழுத்தில் கேட்டும் பதில் வராவிடின், காரணத்தைப் பகிரங்கமாக அறிவித்து வெளியேறுவோம். திருச்செல்வம் மந்திரிப் பதவியையே துறந்தார். எமக்கு ஒரு குழு ஆசனம் பெரிதா?

சிறுபான்மை மக்கள் தம்மைப் பாதிக்கும் முடிவுகளிற் பயனுள்ள முறையிற் பங்குபெறும் உரிமையை ஐக்கிய நாடுகள் சபை 1992 ஆம் ஆண்டுப் பிரகடனத்தில் ஏற்றுள்ளது. “பயனுள்ள” என்னும் அச்சொல்லே எமது அளவுகோல். தேநீரும் புகைப்படமும் பங்குபற்றுதல் ஆகா.

அழைப்புக் கடிதம் வரும்வரை காத்திராமல் வேலையை இப்போதே தொடங்குவோம். ஒவ்வொரு சங்கமும் தன் ஊரின் காணி உறுதிகளையும் அனுமதிப்பத்திரங்களையும் வரிப் பற்றுச்சீட்டுகளையும் பிரதியெடுத்து ஒரே கோவையிற் சேர்க்கட்டும். இழந்த வயல் எத்தனை ஏக்கர், இழந்த கரைவலைப்பாடு எத்தனை, குடும்பம் எத்தனை என்று கணக்கெடுக்கட்டும். பள்ளிவாசலும் கோவிலும் தேவாலயமும் அக்கணக்கைச் சரிபார்க்கட்டும். அந்தக் கோவை எம் கையில் இருந்தால் குழுவுக்குள்ளும் பேசலாம். குழு கலைந்தால் நீதிமன்றிலும் பேசலாம். கோவை இல்லாது கிடைக்கும் ஆசனத்தால் ஊருக்கு ஒரு முழக் காணியும் மீளாது.