கற்றவர் கடனும் கடைத்தெருவும்



மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளிவந்து சில மாதங்கள் சென்றபின், நம் சிங்கப்பூர் நாளிதழ்களில் ஆண்டுதோறும் சில இளைஞர்களின் படங்கள் வருவதைக் கண்டிருப்பீர்கள். அரசாங்கத்தின் உபகாரச் சம்பளம் பெற்றுப் பல்கலைக்கழகம் புகுவோர் அவர்கள். பெற்றோர் பூரிக்கின்றனர், ஆசிரியர் மகிழ்கின்றனர். நீண்ட காலம் பள்ளிகளில் பணியாற்றிய நானும் அந்த மகிழ்ச்சியில் பங்கு கொண்டவனே. ஆயினும், படம் அச்சேறிய நாளில் அந்த இளைஞரின் தலைமேல் ஒரு கடன் ஏறுகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அக்கடனைப் பற்றியும், அதைத் தீர்ப்பதற்குரிய வழிகளுள் ஒன்றாகிய சிறுதொழில் வளர்ச்சிப் பணியைப் பற்றியும் இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

உபகாரச் சம்பளம் நமக்குப் புதியதன்று. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், 1885ஆம் ஆண்டிலேயே அரசியார் உபகாரச் சம்பளம் ஏற்படுத்தப்பட்டது. லிம் பூன் கெங் அதன்வழி மருத்துவம் கற்றார். சோங் ஓங் சியாங் சட்டம் கற்றார். பின்னர் 1951இல் பொதுச் சேவை ஆணையம் அமைந்தது. 1959இல் தன்னாட்சி கிடைத்தபின், நாட்டை நடத்தக் கற்றவர்கள் வேண்டும் என்னும் தேவை பெருகிற்று. திறமை இருந்தும் பொருளில்லாத காரணத்தால் ஒரு பிள்ளையின் கல்வி நின்றுவிடலாகாது. கற்ற பிள்ளை நாட்டுக்குப் பயன்படாமல் போகலாகாது. இவ்விரு எண்ணங்களும் சேர்ந்ததே இன்றைய உபகாரச் சம்பளம். படிப்புச் செலவை அரசாங்கம் ஏற்கிறது. படித்து முடித்தவர் ஒப்பந்தப்படி சில ஆண்டுகள் பொதுச் சேவையில் பணிபுரிகிறார். பொதுச் சேவை ஆணையத்தின் உபகாரச் சம்பளங்களில் இக்காலம் பெரும்பாலும் 4 முதல் 6 ஆண்டுகள் வரை அமையும். ஆணையமேயன்றி, அரசாங்கக் கழகங்கள் பலவும் தத்தம் பணிக்கெனத் தனியே உபகாரச் சம்பளம் வழங்குகின்றன.

இப்பணம் எங்கிருந்து வருகிறது? அரசாங்கம் தருகிறது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அரசாங்கத்துக்குப் பணம் வரும் வழிகளுள் முதன்மையானது மக்கள் செலுத்தும் வரியன்றோ? 1994இல் 3 விழுக்காடாகத் தொடங்கி, 2024இல் 9 விழுக்காடாக உயர்ந்த பொருள் சேவை வரியில், மூட்டை தூக்குபவரின் பங்கும் உண்டு. தேநீர்க் கடையில் ஒரு குவளை அருந்துபவரின் பங்கும் உண்டு. நீங்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழக நூலகத்தில் அமர்ந்து படிக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும், முகமறியாத ஒருவரின் உழைப்பு உங்கள் அருகில் அமர்ந்திருக்கிறது. செய்ந்நன்றி அறிதல் என்று வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்தார். நன்றி செய்தவர் யாரென்று தெரியாத இடத்திலும் நன்றி உண்டு. அதைச் செலுத்துவதற்குப் பொதுப்பணியே வாயில்.

இனிச் சிறுதொழிலுக்கு வருவோம். சிங்கப்பூர் என்றதும் வானளாவிய வங்கிகளும் துறைமுகமும் பெரிய ஆலைகளும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் நம் நாட்டு நிறுவனங்களுள் 99 விழுக்காடு சிறிய, நடுத்தர நிறுவனங்களே. வேலையில் இருப்போருள் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்குச் சோறிடுபவையும் அவையே. ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளிக்கு மேற்படாமலோ, பணியாளர் 200 பேருக்கு மேற்படாமலோ இருப்பவற்றை இவ்வகையில் சேர்க்கின்றனர். மளிகைக்கடை, அச்சகம், தையலகம், உலோகப் பட்டறை, உணவுப்பொருள் தயாரிக்கும் சிறு கூடம், மென்பொருள் எழுதும் நாலைந்து இளைஞர் கூட்டம் ஆகிய யாவும் இதில் அடங்கும்.

இவற்றுக்குக் கைகொடுக்கும் முயற்சி படிப்படியாக வளர்ந்தது. 1961இல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் தோன்றியபோது வேலையின்மையே நாட்டின் பெரும்பிணி. அதனால் வெளிநாட்டு ஆலைகளை அழைத்து வருவதில் கவனம் மிகுந்திருந்தது. அக்கழகம் தொடங்கிய ஆண்டிலேயே அதில் பணிக்குச் சேர்ந்தவர்களுள் ஒருவர் திரு. சுப்பையா தனபாலன். 1968 வரை அங்கே பணியாற்றி, அவ்வாண்டு தோன்றிய வளர்ச்சி வங்கிக்குச் சென்று, பின்னர் அமைச்சரும் ஆனார். பொருளியல் கற்ற தமிழ் இளைஞர் ஒருவருக்குத் தொழில் வளர்க்கும் அலுவலகமே முதற்பள்ளிகளுள் ஒன்றாக அமைந்ததை நீங்கள் நினைவில் வைக்கலாம்.

1972இல் தேசிய உற்பத்தித்திறன் வாரியம் அமைந்தது. 1976இல் சிறுதொழில்களுக்கான நிதித் திட்டம் வந்தது. 1985இல் பொருளியல் சரிந்தபோது, வெளிநாட்டு ஆலைகளை மட்டும் நம்பியிருத்தல் போதாது என்னும் பாடத்தை நாடு கற்றது. மறு ஆண்டே சிறு நிறுவனங்களுக்கென ஒரு தனிப் பிரிவு பொருளியல் வளர்ச்சிக் கழகத்தில் ஏற்பட்டது. அதே 1986இல் உள்ளூர்த் தொழில் மேம்பாட்டுத் திட்டமும் தொடங்கியது. அதன் முறை எளியது. பெரிய பன்னாட்டு நிறுவனமொன்றின் பொறியாளர், அந்நிறுவனத்துக்கு உதிரிப் பாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளுக்குச் சென்று, தரமும் நேரமும் தவறாமல் செய்யும் வகையைக் கற்றுக் கொடுப்பார். அவருடைய சம்பளத்தை அரசாங்கம் ஏற்கும். பெரிய நிறுவனத்துக்கு நல்ல பாகம் கிடைத்தது. சிறு பட்டறைக்குத் தொழில் நுட்பம் கிடைத்தது. உற்பத்தித்திறன், தர நிர்ணயம் ஆகிய பணிகள் 1996இல் ஒரே வாரியத்தின்கீழ் வந்தன. அவ்வாரியம் 2002இல் ஸ்பிரிங் சிங்கப்பூர் என்று பெயர் பெற்றது. 2018ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், அயல்நாட்டு வணிகத்தை வளர்த்த மற்றொரு கழகத்தோடு இணைந்து எண்டர்பிரைஸ் சிங்கப்பூர் ஆயிற்று. இக்கழகமும் உபகாரச் சம்பளம் வழங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், என் பழைய மாணவர் ஒருவரின் தந்தையார் என்னைக் காண வந்தார். மகனுக்கு இத்தகைய உபகாரச் சம்பளம் கிடைக்கும் நிலை இருந்தது. தந்தைக்கோ மனநிறைவில்லை. அவர் சிறு கடை ஒன்று வைத்திருந்தவர். “ஐயா, நான் கடையில் நின்று நின்று கால் வீங்கிப் போனேன். என் மகன் வெளிநாடு சென்று படித்து வந்து, மறுபடியும் கடைகடையாக ஏறி இறங்குவதா?” என்று கேட்டார். நான் சொன்னேன்: “உங்கள் கடைக்குக் கடன் கேட்டு நீங்கள் அலைந்த நாள்களில், மேசைக்கு அப்பால் அமர்ந்திருந்தவர் ஒரு நாளாவது கடையில் நின்றவராய் இருந்திருந்தால், உங்கள் அலைச்சல் குறைந்திருக்கும் அல்லவா? உங்கள் மகன் அந்த மேசைக்கு வரவேண்டும்.” அவர் உடனே இசைந்தார் என்று சொல்லமாட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பின்பு எழுந்து சென்றார். மகன் அப்பணியில் சேர்ந்தார்.

அத்தகைய அலுவலர் செய்யும் வேலை யாது? ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். உணவுப்பொருள் செய்யும் சிறு கூடம் ஒன்று இருக்கிறது. கைச்சுவை நல்லது, வாங்குவோரும் உண்டு. புதிய இயந்திரம் வாங்கினால் உற்பத்தி பெருகும். ஈடு காட்டச் சொத்தில்லை என்று வங்கி தயங்குகிறது. இங்கேதான் அரசாங்கம் இடர்ப்பகிர்வு என்னும் முறையைக் கையாள்கிறது. கடனை வங்கியே கொடுக்கும். வாங்கியவர் திருப்பித் தர முடியாமற் போனால் இழப்பில் ஒரு பகுதியை அரசாங்கம் ஏற்கும். பெருந்தொற்று நாட்டை முடக்கிய 2020ஆம் ஆண்டில், சில கடன்களுக்கு இப்பகுதி 90 விழுக்காடு வரை உயர்த்தப்பட்டது. அதனால் கதவடைக்க இருந்த கடைகள் பல மூச்சுவிட நேரம் பெற்றன. கடன் என்னவோ கடனாகவே நிற்கும். அதைக் கட்டும் பொறுப்பு கடைக்காரருடையதே.

கடனோடு வேலை முடிவதில்லை. சரக்கு இருப்பைக் கணக்கிடும் கணினி முறை வாங்க மானியம் உண்டு. 2018 முதல் நடைபெறும் உற்பத்தித்திறன் தீர்வு மானியம் அத்தகையது. அயல்நாட்டில் விற்க வேண்டுமானால் அந்நாட்டுத் தர விதிகளை அறிய வேண்டும். இவை குறித்து வழிகாட்ட, வர்த்தகச் சங்கங்களோடு இணைந்து உதவி நிலையங்கள் நடத்தப்பட்டு வருகின்றன. நூறாண்டுப் பழமையுடைய சிங்கப்பூர் இந்திய வர்த்தக தொழிற்சபையும் இப்பணியில் பங்கு கொண்டதுண்டு. திட்டங்கள் பல, அவற்றின் விண்ணப்பத் தாள்களும் பல. பகலெல்லாம் கல்லாவில் நின்றவர் இரவில் அமர்ந்து அவற்றைப் படித்து அறிதல் எளிதன்று. அவருக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்று எடுத்துச் சொல்லும் மனிதர் ஒருவர் வேண்டும். அந்த மனிதர்தாம் நான் சொல்லும் அலுவலர்.

இப்பணியில் ஒரு கடினமும் உண்டு. அதை மறைத்து உங்களுக்கு ஆசை காட்டுதல் முறையாகாது. கேட்டவர்க்கெல்லாம் கொடுத்துவிட இப்பணம் அலுவலரின் சொந்தப் பணமன்று. கணக்கு ஒழுங்கில்லாத நிறுவனத்துக்கும், வாங்குவோர் அற்றுப்போன சரக்கைச் செய்யும் நிறுவனத்துக்கும், சில வேளை இல்லையென்று சொல்ல வேண்டிவரும். முப்பது ஆண்டு ஒரே தொழிலில் இருந்த முதியவரிடம், இருபத்தைந்து வயது இளைஞர் அச்சொல்லைச் சொல்ல வேண்டும். சொல்லும் முறையில் பணிவு வேண்டும். சொல்லும் காரணத்தில் தெளிவு வேண்டும். வேறு வழி ஏதேனும் உண்டா என்று தேடிப் பார்த்த உழைப்பும் முன்னே நடந்திருக்க வேண்டும். பட்டம் இவற்றைக் கற்றுத் தருவதில்லை. ஏட்டில் கண்ட வாணிகத்தை மட்டும் அறிந்தவர், மாதக் கடைசியில் பணியாளர் சம்பளத்துக்குப் பணம் புரட்டும் முதலாளியின் உறக்கமில்லா இரவை அறியமாட்டார். அறியாதவரின் அறிவுரை கேட்டவரையும் கெடுக்கும். கொடுத்த பணத்தையும் வீணாக்கும்.

ஆதலால் விண்ணப்பிக்க எண்ணும் மாணவர்க்கு மூன்று சொற்கள் சொல்வேன். முதலாவது, விடுமுறையில் ஒரு சிறு கடையிலோ பட்டறையிலோ சில வாரங்கள் வேலை செய்யுங்கள். சரக்கு இறக்குங்கள், சில்லறை எண்ணுங்கள், வாடிக்கையாளரின் கோபத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, நீங்கள் எத்துறை கற்பினும் வரவு செலவுக் கணக்கு ஒன்றைப் படித்தறியும் ஆற்றலைப் பெறுங்கள். பொறியியல் கற்றவருக்கும் இலக்கியம் கற்றவருக்கும் அது வேண்டும். மூன்றாவது, சேவை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் அதை முழுவதும் படித்து, உங்கள் மனத்தை நீங்களே வினவுங்கள். ஒப்பந்தத்தை இடையில் முறித்துப் பணத்தைத் திருப்பிக் கட்டிச் சென்றவர்களைப் பற்றி 1998இல் நம் நாட்டில் பெரும் விவாதம் எழுந்தது. சட்டப்படி பணத்தைக் கட்டினால் போதும் என்றார் சிலர். வாக்கு என்ன ஆவது என்று கேட்டார் சிலர். பதினெட்டு வயதில் இட்ட கையெழுத்துக்கு ஒருவரை எந்நாளும் பழிப்பது முறையா என்றும் சிலர் வினவினர். எம் கருத்தைக் கேட்பீராயின், பணத்தைத் திருப்பலாம். அவ்விடம் கிடைத்திருந்தால் படித்து வந்து உழைத்திருக்கக்கூடிய மற்றொரு மாணவரின் வாய்ப்பைத் திருப்ப இயலாது. மனம் இசையாதவர் தொடக்கத்திலேயே ஒதுங்கிக்கொள்வது பெருந்தன்மை. அதில் இழிவு ஏதுமில்லை. வெளிநாட்டுப் பயணச்சீட்டுக்காக மட்டும் விண்ணப்பிப்பவர் ஐந்தாறு ஆண்டுகளைச் சிறைவாசமாக எண்ணுவார். தொழிலில் ஆர்வமுள்ளவருக்கோ அவ்வாண்டுகள் இரண்டாவது பல்கலைக்கழகம்.

இவ்வேலையில் இருப்பவரின் பெயர் எந்தக் கடையின் பலகையிலும் எழுதப்படாது. அவர் உதவிய பட்டறையில் பத்துப் பேர் வேலை பெறுவர். அந்தப் பத்துப் பேரின் பிள்ளைகள் பள்ளி செல்வர். நாளை அவர்களுள் ஒருவருக்கும் உபகாரச் சம்பளம் கிடைக்கக்கூடும். வாங்கிய கடன் இவ்வாறு தலைமுறை தாண்டித் திரும்பச் செல்கிறது. ஊரார் பணத்தில் கற்ற கல்வி, ஊராரின் தொழில் செழிக்கப் பயன்படுமாயின், அதுவே ஒப்புரவு. அத்தகைய ஒப்புரவாளர்களாக நீங்கள் வளர வேண்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.