பாட்டுக்கு மூச்சுவிட இடம் கொடுங்கள்!

(தம்போயில் பதிவான தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டில் பதிவு செய்த பாட்டை மாஸ்டரிங் பொறியாளரிடம் எப்படி ஒப்படைப்பது என்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. 'இதெல்லாம் பாட்டுக்காரர்கள் கவலை, நமக்கென்ன?' என்று சிலர் நினைக்கலாம். அப்படி அல்ல. இது நம் பிள்ளைகளின் காசும் உழைப்பும் சம்பந்தப்பட்ட விஷயம்.

தம்போயிலும் ஸ்கூடாயிலும் எத்தனை இளைஞர்கள் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளை முடுக்கி, பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள்! இரவு வீடு திரும்பியதும் சிலர் அறைக் கதவைச் சாத்திக் கொண்டு பாட்டெழுதுகிறார்கள். ஒரு கணினி, ஒரு மைக், ஒரு ஹெட்போன். அதுதான் ஸ்டூடியோ. மாதக் கணக்கில் மிச்சம் பிடித்த வெள்ளியைப் போட்டு ஒரு பாட்டை முடிக்கிறார்கள். அந்தப் பாட்டு வானொலியில் ஒரு தமிழ்ப்படப் பாட்டுக்கு அடுத்து வந்து, சோர்ந்து போய் ஒலித்தால் நாம் என்ன சொல்கிறோம்? 'உள்ளூர்ப் பாட்டு என்றால் இப்படித்தான்' என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதி விடுகிறோம். பல நேரங்களில் குறை குரலிலோ மெட்டிலோ இல்லை. பாட்டை முடித்து அனுப்பிய விதத்தில் இருக்கிறது.

வீடு ஒரு குறையா?

இல்லவே இல்லை. ஏ.ஆர். ரஹ்மான் 1989-இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டோடு சேர்த்துத்தான் பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். 1992-இல் 'ரோஜா' வந்தது. மற்றதெல்லாம் நீங்கள் அறிந்ததே. ஆனால் அவர் எல்லாவற்றையும் தாமே செய்யவில்லை. எச். ஸ்ரீதர் போன்ற ஒலிப் பொறியாளர்கள் உடன் இருந்தார்கள். 'லகான்' படத்தின் ஒலிக்காகத் தேசிய விருது பெற்றவர்களில் ஒருவர் ஸ்ரீதர். 2008-இல் அவர் காலமானார்.

அமெரிக்காவிலும் அதே கதைதான். பில்லி ஐலிஷ் 2019-இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தை, அண்ணன் ஃபினியஸின் படுக்கை அறையில்தான் பெரும்பாலும் பதிவு செய்தார்கள். மிக்ஸிங்கிற்கு ராப் கினெல்ஸ்கி, மாஸ்டரிங்கிற்கு ஜான் கிரீன்ஹாம் என்று வேறு இருவரிடம் கொடுத்தார்கள். 2020-இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்திற்கான கிராமி விருது வந்தது. சிறந்த ஒலிப்பொறியியலுக்கான விருதும் கூடவே வந்தது. அறை சிறியதாக இருக்கலாம். இன்னொருவர் காதும் வேண்டும் என்பதுதான் இதில் நமக்குள்ள பாடம்.

நம் நாட்டையே பாருங்களேன். 1998-இல் பொயட்டிக் எம்மோ நான்கு மொழிகளில் ஆல்பம் செய்தார்கள். 2006-இல் யோகி பி - நட்சத்திராவின் 'வல்லவன்' தமிழ்நாடு வரை போய்ச் சேர்ந்தது. நம்மவர்களால் முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

உப்பும் குழம்பும்

மாஸ்டரிங் என்றால் என்ன? ஆசாரி நகையைச் செய்து முடித்த பிறகு மெருகு போடுவார் அல்லவா, அதுதான். பாட்டின் மொத்த ஒலியைச் சமன் செய்வது, ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் சத்தம் ஏறி இறங்காமல் பார்ப்பது, வெளியீட்டுக்கான கோப்பைத் தயாரிப்பது எல்லாம் அந்தப் பொறியாளர் வேலை. ஆனால் அவர் கைக்கு வருவது கலந்து முடித்த ஒரே கோப்பு. அதிலிருந்து குரலை மட்டும் தூக்கு, தபேலாவை மட்டும் குறை என்றால் எப்படி? குழம்பில் கரைந்த உப்பைத் தனியே எடுக்க முடியுமா? ஆகவே உப்பு, புளி, காரம் எல்லாம் உங்கள் அடுப்பிலேயே சரியாக இருக்க வேண்டும்.

அனுப்புவதற்கு முன்...

முதலாவது, இடம் விடுங்கள். கணினியில் ஒலியின் கூரை பூஜ்ஜியம் டெசிபல். பாட்டின் மிக உரத்த இடமும் மைனஸ் 6 முதல் மைனஸ் 3 டெசிபலுக்குள் நிற்கட்டும். சிவப்பு விளக்கு எரிந்தால் ஒலியின் தலை சீவப்பட்டு விட்டது என்று பொருள். சீவிய தலையை யாராலும் முழுமையாக ஒட்ட வைக்க முடியாது.

இரண்டாவது, சத்தத்திற்காக மாஸ்டர் தடத்தில் மாட்டிய லிமிட்டரைக் கழற்றுங்கள். 2008-இல் வெளிவந்த மெட்டாலிக்காவின் 'டெத் மேக்னெட்டிக்' ஆல்பம் நினைவிருக்கிறதா? ஒலி நசுங்கிக் கிடக்கிறது என்று ரசிகர்களே குறை சொன்னார்கள். தம் கைக்கு வரும்போதே அது நசுங்கித்தான் இருந்தது என்று மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன் விளக்கினார். கோடி கோடியாகப் பணம் புரளும் குழுவுக்கே இந்தக் கதி! மேலும், இன்று ஸ்பாட்டிஃபை, யூடியூப் போன்ற தளங்கள் அளவுக்கு மீறிய சத்தத்தைத் தாமாகவே குறைத்து விடுகின்றன. கத்தி என்ன பயன்?

மூன்றாவது, கோப்பு. 24 பிட் வேவ் கோப்பாகக் கொடுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்தால் 44.1, 48-இல் செய்தால் 48. நீங்களாக மாற்ற வேண்டாம். எம்.பி.3 கோப்பை வேவ் ஆக மாற்றினால் போன தரம் திரும்பி வராது. அழுக்குச் சட்டையைப் புதுப் பெட்டியில் வைத்த கதைதான்.

நான்காவது, தலையையும் வாலையும் ஒட்ட வெட்டாதீர்கள். முன்னும் பின்னும் ஓரிரு வினாடி இருக்கட்டும். கடைசி எதிரொலி முழுதாக அடங்கட்டும்.

ஐந்தாவது, உங்கள் அறையை நம்பாதீர்கள். சிறிய அறை அடித்தொனியைப் பற்றிப் பொய் சொல்லும். மூலையில் உறுமி இடியாக முழங்கும். அறையின் நடுவில் வந்து நின்றால் காணாமல் போகும். ஆகவே காரில் கேளுங்கள், கைப்பேசியில் கேளுங்கள், சத்தத்தை நன்றாகக் குறைத்தும் கேளுங்கள். சொல் புரிகிறதா? ஒற்றை ஸ்பீக்கரில் ஏதாவது வாத்தியம் மறைகிறதா? ஹெட்போனில் குரலை மட்டும் தனியாக ஓட விடுங்கள். மின்விசிறியும், தகரக் கூரையில் விழுந்த மழையும் அங்கேதான் ஒளிந்திருக்கும். மாஸ்டரிங்கில் எல்லாம் மேலே வரும்போது அவையும் சேர்ந்தே வரும்.

ஆறாவது, ஒரு கடிதம் எழுதுங்கள். பாட்டின் பெயர், எந்தத் திருத்தம் இறுதியானது, எந்தப் பாட்டைப் போல் ஒலிக்க ஆசை, உங்களுக்கே எந்த இடத்தில் சந்தேகம் என்று நாலு வரி போதும். 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'இதுதான் ஃபைனல்' என்று மூன்று கோப்புகளை அனுப்பி அவரைச் சோதிக்காதீர்கள்! குரல் இல்லாத இசைக் கோப்பையும் கூடவே தயார் செய்யுங்கள். மேடையில் பாட அழைப்பு வரும்போது அதைத்தான் தேடுவீர்கள்.

போனால் வராது

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, தன் பாட்டியின் தாலாட்டைப் பதிவு செய்து பாட்டின் நடுவில் சேர்த்திருந்தார். கேட்டவர் கண் கலங்கும் பாட்டு. ஆனால் அனுப்பியது எம்.பி.3, குரல் முழுதும் சிவப்பில் உடைந்திருந்தது. பொறியாளர் மூலப் பதிவைக் கேட்டார். கணினியில் இடம் போதவில்லை என்று தம்பி அதை அழித்து விட்டார். மறுபடி பாடச் சொல்லப் பாட்டி இல்லை. அந்தக் குரல் இன்றும் கரகரத்தபடியே இருக்கிறது.

ஒரு வன்வட்டின் விலை எவ்வளவு, அந்தக் குரலின் விலை எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மூலப் பதிவை இரண்டு இடங்களில் வையுங்கள். பாட்டு வெளிவந்த பிறகும் அழிக்காதீர்கள்.

'கணினியே மாஸ்டரிங் செய்து தருகிறதே, ஆள் எதற்கு?' என்று கேட்பீர்கள். அவசரத்துக்கும் மாதிரிக்கும் அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் 'தம்பி, இரண்டாவது சரணத்தில் குரல் அமுங்கியிருக்கிறது, சரிசெய்து அனுப்பப்பா' என்று போன் போட்டுச் சொல்ல மனிதர்தான் வேண்டும். அப்படித் திருப்பி அனுப்பினால் கோபப்படாதீர்கள். உங்கள் வெள்ளிக்கு அவர் கொடுக்கும் முதல் மரியாதை அது. எத்தனை முறை திருத்தித் தருவார், கட்டணம் எவ்வளவு என்பதையும் முன்பே பேசிக் கொள்ளுங்கள். பிற்பாடு மனத்தாங்கல் வராது.

பெற்றோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளை இரவில் ஒரே வரியைப் பத்து தடவை பாடினால் 'போதும்டா' என்று கதவைத் தட்டாதீர்கள். அந்த நேரம் மட்டும் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து விடுங்கள். தொலைக்காட்சிக்காரியான நானே சொல்கிறேன்!