வெளிநாட்டு ஆர்டர் வந்தாச்சு… பணம் எந்த வழியா வரணும்?

(இணையத்தில் பொருள் விற்கும் கைவினைஞர்கள், மகளிர் சுய உதவிக் குழுவினர், வீட்டுத் தொழில் முனைவோர் ஆகியோரிடையே பேசிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே வந்திருக்கிற எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன் இருக்கு. அதே போன்லதான் பொருளைப் படம் எடுக்கிறீங்க, இன்ஸ்டாகிராம்ல போடறீங்க, வாட்ஸ்அப்ல விலை பேசறீங்க. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை டொராண்டோவுக்குப் போகுது. பத்தமடைப் பாய் சிங்கப்பூருக்குப் போகுது. பார்சல் கட்டறது வரைக்கும் பழகிட்டோம். "பணத்தை எப்படி அனுப்பட்டும்?" என்று வாடிக்கையாளர் கேட்கும்போதுதான் தடுமாறுறோம். இன்னைக்கு அந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்குவோம்.

இது ஏன் முக்கியம்னு ஒரு உதாரணம் சொல்றேன். பொம்மை செய்யும் ஒரு குடும்பம்னு வச்சுக்குங்க. வெளிநாட்டுல கொலு வைக்கிறவங்க நவராத்திரிக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே ஆர்டர் கொடுக்கிறாங்க. அந்தப் பணம் வந்தாதான் அடுத்த சுற்றுக்குக் களிமண், பெயின்ட், ஆள் கூலி எல்லாம் ஓடும். 40,000 ரூபாய் 20 நாள் எங்கேயாவது சிக்கிக்கிச்சுன்னா, அந்த வருஷத்து சீசனே கைவிட்டுப் போயிடும். பெரிய நிறுவனத்துக்கு இது ஒரு தாமதம். நமக்கு இது அடுத்த மாதச் சாப்பாடு.

முதலில், எந்த வழி வேண்டாம்?

"எங்க அண்ணன் பையன் அமெரிக்காவுல இருக்கான், அவன் கணக்குல போட்டுடுங்க, அவன் எனக்கு அனுப்பிடுவான்." இது பல பேர் செய்யற வழி. சுலபமாத்தான் தெரியும். ஆனா நீங்க ஏற்றுமதி செஞ்ச பொருளுக்கு வந்த பணம்னு எந்தக் காகிதமும் உங்க கையில இருக்காது. குடும்பத்துக்கு வந்த பணமா, வியாபாரப் பணமான்னு நாளைக்கு வங்கியோ வருமான வரித் துறையோ கேட்டா, பதில் சொல்றது கஷ்டம். அண்ணன் பையனுக்கும் அவர் ஊர்ல வரிச் சிக்கல் வரலாம்.

ரெண்டாவது, கவுன்டர்ல போய் வாங்கற பணப் பரிமாற்றச் சேவை. ரிசர்வ் வங்கி இதைத் தனிப்பட்ட தேவைக்கான பணத்துக்கு மட்டும்தான் அனுமதிச்சிருக்கு. ஒரு தடவைக்கு 2,500 டாலர், ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 30 தடவை என்று வரம்பும் உண்டு. வியாபாரப் பணத்தை அதுல வாங்கக் கூடாது.

மூணாவது, சிங்கப்பூரின் பேநவ், நம்ம யு.பி.ஐ. இணைப்பு. 2023 பிப்ரவரி 21 அன்று தொடங்கினாங்க. நல்ல வசதிதான். ஆனா அது தனிநபர்கள் ஒருத்தருக்கு ஒருத்தர் பணம் அனுப்பிக்கிறதுக்கு. கடை வசூலுக்கு இல்லை.

சரி, இருக்கிற வழிகள் என்ன?

சுருக்கமா நாலு வழி.

ஒன்று, அமேசான், எட்ஸி போன்ற இணையச் சந்தைகள். அங்கே விற்றா, பணம் எப்படி வரும் என்பதை அந்தச் சந்தையே தீர்மானிக்கும். உங்களுக்குத் தேர்வு குறைவு. கணக்கு தொடங்கும்போதே அதைப் படிச்சுப் பார்த்துடுங்க.

இரண்டு, பேபால். 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள்ளான பணப் பரிமாற்றத்தை நிறுத்திட்டாங்க. வெளிநாட்டிலிருந்து வாங்குவது தொடருது. வெளிநாட்டு வாடிக்கையாளர் பல பேருக்கு இந்தப் பெயர் பழக்கம். முன்பின் தெரியாத ஒரு கடைக்குக் கார்டு எண் கொடுக்கத் தயங்கறவங்ககூட இதுல கட்டுவாங்க.

மூன்று, ரேஸர்பே, கேஷ்ஃப்ரீ போன்ற நம் நாட்டுப் பேமென்ட் கேட்வேக்கள். வெப்சைட் இல்லைன்னாலும் பரவாயில்லை. பேமென்ட் லிங்க் ஒண்ணு உருவாக்கி வாட்ஸ்அப்ல அனுப்பினா, வாடிக்கையாளர் தன் வெளிநாட்டு கார்டுல கட்டிடலாம். ஆனா வெளிநாட்டு கார்டு வசதி தானா வராது. தனியா விண்ணப்பிச்சு அனுமதி வாங்கணும்.

நான்கு, வங்கி வழி. நேரடியா ஸ்விஃப்ட் மூலம் உங்க வங்கிக் கணக்குக்கே வாங்கலாம். அல்லது பேயோனியர் போன்ற சேவைகள் உங்க பேர்ல டாலர், பவுண்டு, யூரோ கணக்கு விவரம் தருவாங்க. வாங்குறவர் தன் ஊர் வங்கிக்கு அனுப்புற மாதிரி அனுப்பிடலாம். மொத்தமா வாங்கும் கடைக்காரர்களுக்கு இது பொருந்தும்.

கட்டணத்தை எப்படிப் பார்க்கணும்?

விளம்பரத்துல இருக்கிற சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க. கட்டணம் மூணு இடத்துல ஒளிஞ்சிருக்கும்: சதவீதக் கட்டணம், ஒவ்வொரு தடவையும் பிடிக்கிற நிலையான கட்டணம், டாலரை ரூபாயா மாத்தற விகிதம். சேவைக் கட்டணத்து மேல 18% ஜி.எஸ்.டி.யும் வரும்போது அதையும் சேர்க்கணும்.

ஒரு கணக்குப் போடுவோம். கணக்கு வசதிக்காக ஒரு டாலர் 85 ரூபாய்னு வச்சுக்குவோம். பொருள் விலை 100 டாலர்.

முதல் சேவை 4.4% கட்டணமும், கூடவே 30 சென்ட்டும் பிடிக்குது. மீதி 95.30 டாலர். அவங்க கொடுக்கிற மாற்று விகிதம் 82 ரூபாய். கையில் வருவது சுமார் 7,815 ரூபாய்.

இரண்டாவது சேவை 3% பிடிக்குது. ஜி.எஸ்.டி.யோட 3.54 டாலர். மீதி 96.46 டாலர். மாற்று விகிதம் 84 ரூபாய். கையில் வருவது சுமார் 8,103 ரூபாய்.

வித்தியாசம் 288 ரூபாய். சின்னதாத் தெரியலாம். 50 ஆர்டர்னா 14,400 ரூபாய்! இதுல பெரும்பகுதி எங்கே போச்சு பாருங்க: மாற்று விகிதத்துல. அதைத்தான் நாம யாரும் கேட்கறதில்லை.

இன்னொரு விஷயம். 10 டாலர் கம்மல் விற்கிறவங்களுக்கு, அதே 4.4% பிளஸ் 30 சென்ட் கட்டணம் 74 சென்ட் ஆகுது. அதாவது 7.4%. சின்ன விலைப் பொருளை நிலையான கட்டணம்தான் கடிக்கும். ரெண்டு மூணு பொருளைச் சேர்த்து செட்டா விற்றா அந்த அடி குறையும். இதுவே ஸ்விஃப்ட்ல நடுவுல இருக்கிற வங்கிகள் 20 டாலர் பிடிச்சா, 100 டாலர் ஆர்டருக்கு அது 20%. 2,000 டாலர் ஆர்டருக்கு வெறும் 1%. அதனால எல்லாருக்கும் பொருந்தும் ஒரே "பெஸ்ட் சேவை" கிடையாது. உங்க ஆர்டர் அளவுதான் முடிவு பண்ணும்.

நான் சொன்னது மாதிரிக் கணக்கு. கட்டணங்கள் மாறும். சேரும் நாளன்று அந்தந்த நிறுவனத்தின் கட்டணப் பக்கத்தைத் திறந்து, உங்க விலையைப் போட்டு இதே மாதிரி ஒரு கணக்கு எழுதிப் பாருங்க.

சேர்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

*அனுமதி இருக்கா?* எல்லை தாண்டிய பணத்தைக் கையாளும் பேமென்ட் நிறுவனங்களுக்கு 2023 அக்டோபர் 31 அன்று ரிசர்வ் வங்கி தனி விதிமுறை வெளியிட்டது. இப்படிப்பட்ட சேவை வழியா ஒரு பொருளுக்கு 25 லட்சம் ரூபாய் வரைதான் பணம் வாங்கலாம்னு அந்த விதிமுறை வரம்பு வச்சது. நம்ம வியாபாரத்துக்கு அது தாராளம். எந்தெந்த நிறுவனத்துக்கு அனுமதி இருக்கு என்ற பட்டியல் ரிசர்வ் வங்கி இணையதளத்துல இருக்கு. பேர் இல்லாத நிறுவனத்தோட சேராதீங்க.

*பணம் எத்தனை நாளில் கணக்குக்கு வரும்?* புதுசாச் சேர்ந்தவங்க பணத்தைச் சில சேவைகள் கொஞ்ச நாள் நிறுத்தி வைப்பாங்க. திடீர்னு பெரிய தொகை வந்தாலும் ஆவணம் கேட்டு நிறுத்துவாங்க. சீசன் ஆரம்பிக்கிறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே கணக்கைத் தொடங்கிச் சின்ன ஆர்டர்கள்ல பழக்கப்படுத்திக்கிறது நல்லது.

*வாடிக்கையாளர் புகார் கொடுத்தா என்ன ஆகும்?* கார்டுல கட்டினவர் "பொருள் வரலை" என்று தன் வங்கியில சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இதுக்குச் சார்ஜ்பேக் என்று பேர். பேபாலில் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள் வரை புகார் கொடுக்க முடியும். அதனால பார்சல் ரசீது, டிராக்கிங் எண், பேக் பண்ணும்போது எடுத்த வீடியோ, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாத்தையும் குறைந்தது ஆறு மாசம் அழிக்காம வச்சிருங்க. டிராக்கிங் இல்லாம அனுப்பினா நம்ம பக்கம் சாட்சியே இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தா, பிடிச்ச கட்டணம் திரும்பி வருமா என்பதையும் கேளுங்க. பல இடங்கள்ல வராது.

*காகிதம் கிடைக்குமா?* வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததுக்கான சான்று, அதாவது எஃப்.ஐ.ஆர்.ஏ. அல்லது எஃப்.ஐ.ஆர்.சி., இலவசமாத் தருவாங்களா, தனிக் காசா? ஜி.எஸ்.டி.க்கும் ஏற்றுமதிக் கணக்கை முடிக்கவும் இதுதான் ஆதாரம். பணம் எதுக்காக வந்ததுன்னு சொல்லும் பர்ப்பஸ் கோடும் சரியா இருக்கணும். பொருளுக்கு முன்பணம் வாங்கினா பி0103. தப்பான கோடு போட்டா, வியாபாரப் பணம் வேற கணக்குல பதிவாயிடும்.

*பிரச்சினைன்னா பேச ஆள் இருக்கா?* மெயில் மட்டும்தானா, போன் உண்டா? சேர்வதற்கு முன்னாடியே ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்க. பதில் வர்ற வேகத்துலயே தெரிஞ்சிடும்.

கையில் தயாரா இருக்க வேண்டியவை

பான் அட்டை, தொழில் பேர்ல வங்கிக் கணக்கு, முகவரிச் சான்று, உத்யம் பதிவு. பொருள் ஏற்றுமதிக்கு ஐ.இ.சி. எண் வேணும். மத்திய அரசின் டி.ஜி.எஃப்.டி. இணையதளத்துல 500 ரூபாய் கட்டணத்துல நீங்களே போன்ல விண்ணப்பிக்கலாம். புரோக்கர் தேவையே இல்லை. ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க: எந்த மாற்றமும் இல்லைன்னாலும் ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் முதல் ஜூன் வரைக்குள்ள ஐ.இ.சி.யைப் புதுப்பிச்சு உறுதி செய்யணும். விட்டா செயலிழந்துடும்.

ஜி.எஸ்.டி. பதிவு இருந்தா, ஒவ்வொரு நிதியாண்டும் எல்.யு.டி. உறுதிமொழியை ஆர்.எஃப்.டி.-11 படிவத்துல கொடுத்துட்டு, வரி கட்டாமலே ஏற்றுமதி செய்யலாம். உங்களுக்குப் பதிவு தேவையா என்பதை ஆடிட்டரிடம் ஒரு தடவை கேட்டுத் தெளிவு பண்ணிக்குங்க.

பார்சலுக்கு அஞ்சல் துறையின் ஏற்றுமதி மையங்கள், டாக் கர் நிர்யாத் கேந்திரா, இருக்கு. ஏற்றுமதிப் படிவத்தை ஆன்லைன்ல பதிஞ்சு, பக்கத்து ஊர் மையத்துலயே பார்சலைக் கொடுக்கலாம். அந்தப் படிவமும் உங்க பணச் சான்றும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தும்போதுதான் கணக்கு முழுசாகும். "பரிசுப் பொருள்" என்று எழுதி அனுப்பிட்டு, ஏற்றுமதிப் பணம் வாங்கினேன்னு சொல்ல முடியாது.

ஏமாறாம இருக்க

"பணம் அனுப்பிட்டேன், பொருளை அனுப்பி டிராக்கிங் எண் கொடுத்தாதான் உங்க கணக்குல விழும்" என்று பேமென்ட் நிறுவனத்தின் பேர்ல மெயில் வந்தா நம்பாதீங்க. மெயில்ல இருக்கிற லிங்க்கைத் தொடாம, ஆப்பைத் திறந்து இருப்பைப் பாருங்க. அங்கே இல்லைன்னா பணம் வரலை. "தவறுதலா அதிகமா அனுப்பிட்டேன், மீதியை இந்த வேற கணக்குக்கு அனுப்புங்க" என்றாலும் உஷார். திருப்புறதா இருந்தா வந்த வழியிலேயே ரீஃபண்ட் பண்ணுங்க. பணம் வாங்கறதுக்கு ஓ.டி.பி.யோ, யு.பி.ஐ. பின்னோ எப்பவும் தேவையில்லை.

ஏமாந்துட்டா வெட்கப்பட்டு உட்காராதீங்க. உடனே 1930 எண்ணுக்கு அழையுங்க. சேவை நிறுவனம் பணத்தை நிறுத்தி வச்சுப் பதில் சொல்லலைன்னா, முதல்ல அவங்களுக்கே எழுத்துல புகார் கொடுங்க. 30 நாள்ல தீர்வு கிடைக்காட்டி ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு முறையில புகார் செய்யலாம். வழிகாட்டுதலுக்கு 14448 கட்டணமில்லா எண் இருக்கு.

முடிவா…

சின்னச் சின்ன ஆர்டர், நேரடி வாடிக்கையாளர் என்றால் பேபாலும், நம் நாட்டு கேட்வேயின் பேமென்ட் லிங்க்கும் ரெண்டையும் வச்சுக்குங்க. ஒண்ணு தடைப்பட்டா இன்னொண்ணு கைகொடுக்கும். மொத்த ஆர்டர் என்றால் வங்கி வழி. சந்தைத் தளத்துல மட்டும் விற்கிறவங்க அவங்க விதியை நல்லாப் படிங்க.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு வேலை செய்யுங்க. உங்க பொருள் ஒண்ணோட விலையை எடுத்துக்கிட்டு, ரெண்டு சேவைக்கு அந்த மூணு கட்டணத்தையும் போட்டு, கையில எவ்வளவு வரும்னு ஒரு தாள்ல எழுதுங்க. கணக்குத் தொடங்கினதும், வெளிநாட்டுல இருக்கிற தெரிஞ்ச வாடிக்கையாளர் ஒருத்தருக்குச் சின்னப் பொருள் ஒண்ணு விற்றுப் பாருங்க. என்ன பிடிச்சாங்க, எத்தனை நாள்ல வந்தது, சான்று கிடைச்சுதா என்பது தெரிஞ்சிடும். அதுக்கப்புறம் பெரிய ஆர்டரைத் தைரியமா வாங்கலாம்.

கேள்விகள் இருந்தா கேளுங்க.