நகத்தில் ஒரு கறுப்புக் கோடு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ராத்திரி ஷிப்ட் முடிந்து ஷூவைக் கழற்றுகிறார் ஒரு தொழிலாளி. கால் பெருவிரல் நகத்தில் கறுப்புக் கோடு. "கம்பி விழுந்து ரத்தம் கட்டியிருக்கும்" என்று விட்டுவிடுகிறார்.

பல நேரம் அதுதான் உண்மை. ஆனால் ரத்தக்கட்டு என்றால் நகம் வளர வளர முன்னால் நகர்ந்து போய்விடும். நகராமல் நின்று, அகலமாகி, பக்கத்துத் தோலிலும் கறுப்பு படர்ந்தால்? மெலனோமா என்கிற தோல் புற்றுநோயா என்று பார்த்தே ஆகவேண்டும். நம்மைப் போன்ற நிறத்தவருக்கு அது உள்ளங்காலிலும் நகத்தடியிலும் ஒளிந்திருக்கும். பாடகர் பாப் மார்லிக்கும் கால் விரல் நகத்தடியில்தான் வந்தது. பந்தாட்டத்தில் பட்ட அடி என்றே முதலில் நினைத்தார்கள். 1981இல், 36 வயதில் இறந்துபோனார்.

"ஒன்றுமில்லை" என்று டாக்டர் சொல்லியும் கோடு மாறவில்லையா? தோல் நிபுணர் ஒருவரிடமும் காட்டுங்கள். முதல் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்கவே வேண்டாம். பயாப்ஸிக்காகச் சதைத் துணுக்கு எடுத்திருந்தால் ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. கண்ணாடி ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிப் போங்கள். அதே சதைத் துணுக்கை இன்னொரு நிபுணர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வார்.

எங்கே போய்க் காட்டுவது? கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறினால் சென்னை சென்ட்ரல். எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கிறது. ஒருநாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை, போய்க் காட்டிவிட்டு வந்துவிடுங்கள்.