மேசைக்குப் பயப்படாதீர்கள்

(நூற்றாண்டு இராப்போசன விருந்துக்கு முன்னதாக நடைபெற்ற சங்கக் கூட்டத்தில், எமது பழைய மாணவியும் முன்னாள் மனையியல் ஆசிரியையுமான ஒருவர் நிகழ்த்திய உரை)



செயலாளர் என்னைப் பேசக் கேட்டபோது, கல்லூரியின் வரலாற்றைப் பற்றிப் பேசவா என்று கேட்டேன். "அதுக்கு வேறை ஆக்கள் இருக்கினம் ரீச்சர். நீங்கள் அந்த ஹோட்டல் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றார். முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு அவர் விருந்துக்குப் பெயர் கொடுத்தவர்களின் பட்டியலைக் காட்டினார். கனடாவிலிருந்து வருகிறவர்கள், இலண்டனிலிருந்து வருகிறவர்கள், அவுஸ்திரேலியாவிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் பதிந்திருக்கிறார்கள். உள்ளூர்ப் பெயர்கள் மிகக் குறைவு. பக்கத்து ஒழுங்கையில் இருப்பவர்கள்கூட இல்லை.

காசுதான் காரணமோ என்று எண்ணினோம். இடத்துக்கான பணத்தைச் சங்கம் பொறுப்பேற்கிறது என்று சொன்ன பிறகும் பட்டியல் நீளவில்லை. நானே சிலருக்குத் தொலைபேசி எடுத்தேன். என்னோடு விடுதியில் ஒரே வரிசையில் படுத்துறங்கிய ஒருத்தி கடைசியில் உண்மையைச் சொன்னாள்: "எனக்கு உந்த இடங்கள் சரிவராது. கையாலை சாப்பிட்டுப் பழகின ஆள் நான். முள்ளுக்கரண்டியை எந்தக் கையிலை பிடிக்கிறதெண்டும் தெரியாது. வெளிநாட்டுக்காரருக்கு முன்னாலை என்னத்துக்கு வெக்கப்படுவான்?"

இருபது வருடம் பாடசாலையில் கணிதம் படிப்பித்தவள் அவள். ஒரு கரண்டிக்காகத் தன் பள்ளியின் நூறாவது ஆண்டு விருந்தை விட்டுவிடப் பார்க்கிறாள். அதற்காகத்தான் இன்று பேச ஒப்புக்கொண்டேன்.

நாங்கள் சிறுமிகளாக இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஹோட்டல் என்றால் வடை, தோசை, தேநீர்க் கடைதான். பெரிய ஹோட்டல்கள் கொழும்பில் இருந்தன. காலிமுகத்திடல் ஹோட்டல் 1864இல் தொடங்கியது. துறைமுகத்துக்கு அருகே கிராண்ட் ஓரியண்டல் 1875இல் வந்தது. அவை எங்களுக்கு வெளியிலிருந்து பார்க்கும் கட்டடங்கள். பிறகு போர்க்காலம். பாதையில்லை, மின்சாரமில்லை, சவர்க்காரத்துக்கும் வரிசை. அந்த நாட்களில் மேசை நாகரிகம் யாருக்கு வேண்டியிருந்தது? புகையிரதம் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பவும் வந்தது 2014 ஒக்டோபரில். மகாத்மா காந்தி வீதியில் ஜெற்விங் ஹோட்டல் திறந்தது 2016இல். இந்த இடங்கள் நமக்குக் கிட்ட வந்ததே அண்மையில்தான். ஆகவே தெரியாமல் இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

என்னுடைய கதையையும் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் ஆசிரியர் பயிற்சி ஒன்றுக்காகக் கொழும்பு போயிருந்தேன். முடிவு நாளில் ஒரு பெரிய ஹோட்டலில் விருந்து. நான் பிறந்தது முதல் சைவம். சூப் வந்தது. ஒன்றும் கேட்காமல் குடித்தேன். இரண்டாவது கரண்டியில் கோழி என்று தெரிந்தது. எழும்பவும் பயம், சொல்லவும் பயம். வந்த உணவு எல்லாவற்றையும் தொடாமல் திருப்பி அனுப்பிவிட்டு, பாணும் பட்டரும் மட்டும் சாப்பிட்டேன். அறைக்கு வந்து பையில் இருந்த மாரி பிஸ்கற்றைத் தின்றுவிட்டுப் படுத்தேன். அந்த ஹோட்டலில் ஒரு பிழையும் இல்லை. "நான் சைவம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

அன்று நான் படித்ததையே முதலாவதாகச் சொல்கிறேன். கேளுங்கள். மேசை ஒதுக்கும்போதே சொல்லிவிடலாம்: இத்தனை பேர், இத்தனை பேர் சைவம், இன்னாருக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது, ஒருவர் சக்கர நாற்காலியில் வருகிறார். நல்ல ஹோட்டல்கள் இதைக் கேட்டு எழுதிக்கொள்ளும். சைவக்காரர் சில இடங்களில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். தெற்கத்தைய சமையலில் சம்பலுக்கும் மரக்கறிக்கும் மாசி போடுவார்கள். சீனிச் சம்பலிலும் மாசி இருக்கும். மரக்கறி சூப்பைக் கோழி அவித்த நீரில் செய்திருக்கலாம். வட்டிலப்பத்தில் முட்டை உண்டு. ஜெலி வகைகளில் ஜெலற்றின் இருக்கலாம், அது மாட்டின் அல்லது பன்றியின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கப்படுவது. "இதில் மாசி இருக்கிறதா?" என்று கேட்டால் வெயிற்றர் சமையலறையில் விசாரித்துச் சொல்வார். அது அவருடைய வேலை.

இரண்டாவது, உடுப்பு. "ஸ்மார்ட் கசுவல்" என்று அழைப்பிதழில் போட்டிருப்பதைக் கண்டு சிலர் பதறுகிறார்கள். அரைக்காற்சட்டையும் குளியலறைச் செருப்பும் வேண்டாம் என்பதுதான் அதன் பொருள். சேலை உடுத்தவர் உலகத்தில் எந்த ஹோட்டலுக்குள்ளும் போகலாம்.

மூன்றாவது, மேசை. வாசலில் பெயரைச் சொன்னால் கூட்டிக்கொண்டு போய் இருத்துவார்கள். நீங்களாக இடம் தேட வேண்டாம். கோப்பைக்கு இடப்பக்கம் முள்ளுக்கரண்டி, வலப்பக்கம் கத்தியும் கரண்டியும். நிறைய இருந்தால் வெளியில் இருப்பதை முதலில் எடுங்கள், ஒவ்வொரு உணவுக்கும் உள்ளே வாருங்கள். இடப்பக்கத்துச் சின்னக் கோப்பை உங்கள் பாணுக்கு, வலப்பக்கத்துக் கிளாஸ் உங்கள் தண்ணீருக்கு. இது தெரியாமல் அடுத்தவருடைய பாணை எடுப்பது வெள்ளைக்காரருக்கும் நடக்கும். மடித்து வைத்த துணியை மடியில் விரியுங்கள். சாப்பிட்டு முடிந்ததும் கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் கோப்பையில் ஒன்றாகச் சேர்த்து வையுங்கள். முடியவில்லையென்றால் இரண்டையும் விரித்து வையுங்கள். கோப்பையை எடுப்பதா விடுவதா என்பதை வெயிற்றர் அதைப் பார்த்துத்தான் அறிகிறார்.

எங்கள் வயதினருக்கு உள்ள உண்மையான சங்கடம் இடக்கைதான். முள்ளுக்கரண்டியை இடக்கையால் வாய்க்குக் கொண்டுபோவதை என் அம்மா பார்த்திருந்தால் பந்தியிலிருந்தே எழுப்பியிருப்பார்! அதற்கும் வழி உண்டு. முதலில் வெட்டிவிட்டு, கத்தியை வைத்துவிட்டு, முள்ளுக்கரண்டியை வலக்கைக்கு மாற்றலாம். அமெரிக்கர் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள். சோற்றுக்கு வலக்கையில் கரண்டி, இடக்கையில் முள்ளுக்கரண்டி பிடித்துத் தள்ளிச் சாப்பிடலாம். இலங்கையில் எங்கும் அது வழக்கம்.

கையால் சாப்பிடலாமா? இடியப்பம், அப்பம், றொட்டி, நண்டு இவற்றைத் தாராளமாகச் சாப்பிடலாம். கொழும்பில் பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலைக் கட்டடத்தில் 2011இல் திறந்த "மினிஸ்ட்ரி ஒஃப் கிராப்" உணவகம் ஆசியாவின் சிறந்த 50 உணவகங்களின் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே உலகத்துப் பிரமுகர்கள் கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு நண்டைக் கையால் உடைத்துத்தான் சாப்பிடுகிறார்கள். கொள்ளுப்பிட்டியில் றெனுக்கா ஹோட்டலின் "பல்மைரா" உணவகம் யாழ்ப்பாணச் சமையலுக்கே பெயர் பெற்றது. நமது கறிக்கும் நமது கைக்கும் அந்த மேசைகளில் மதிப்பு வந்துவிட்டது. வெந்நீரில் தேசிக்காய்த் துண்டு போட்டுச் சின்னக் கிண்ணம் வந்தால், அது விரல் கழுவ.

நான்காவது, பஃபே. முதலில் ஒரு கோப்பையும் எடுக்காமல் மேசைகளை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். பிறகு கொஞ்சமாக எடுங்கள். எத்தனை தரமும் போகலாம், ஒவ்வொரு தரமும் புதுக் கோப்பை எடுக்க வேண்டும். மலைபோல் குவித்து மிச்சம் விடுவதைத்தான் எல்லோரும் கவனிப்பார்கள். பஃபே உணவை வீட்டுக்குக் கட்டித் தரமாட்டார்கள். மெனுவைப் பார்த்துத் தனியாகச் சொல்லி எடுத்த உணவில் மிச்சமிருந்தால் பார்சல் கேட்கலாம்.

ஐந்தாவது, பில். மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் அடையாளம் இருந்தால், சேவைக் கட்டணமும் வரியும் அதற்கு மேலே வரும் என்று பொருள். சேவைக் கட்டணம் வழமையாக 10 வீதம். வற் வரி 2024 ஜனவரி முதல் 18 வீதம். 5000 ரூபாய் என்று போட்டிருந்தால் சேவைக்கு 500, வரிக்கு 900. ஆகக் கையிலிருந்து போவது 6400 ரூபாய்க்குக் குறையாது. போத்தல் தண்ணீரைத் திறந்தால் அதற்கும் காசு. "சாதாரணத் தண்ணீர் தாருங்கள்" என்று கேட்பதில் குறைவில்லை. மீனும் நண்டும் நிறைக்கு விலை போட்டிருந்தால், எத்தனை கிராம், எவ்வளவு வரும் என்று முதலே கேளுங்கள். சேவைக் கட்டணம் பில்லில் இருந்தால் அதற்குமேல் சந்தோஷம் கொடுப்பது உங்கள் விருப்பம், கட்டாயமில்லை.

வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். நீங்கள் ஊருக்கு வந்தால் பழைய ஆசிரியைகளையும் வகுப்புத் தோழிகளையும் இப்படியான இடங்களுக்குக் கூட்டிப் போகிறீர்கள். நல்ல மனதோடு செய்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் யார் காசு கட்டுவது என்பதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். மெனுவில் விலையைப் பார்த்தவுடன், "எனக்குப் பசியில்லை, ஒரு சூப் காணும்" என்று சொல்லும் ரீச்சருக்குப் பசியில்லாமல் இல்லை. "நான் இதை எடுக்கிறேன், நீங்களும் எடுங்கோ" என்று நீங்கள் முதலில் சொன்னால் அவருக்கு வழி திறக்கும். அவர் கையால் சாப்பிட்டால் நீங்களும் கையால் சாப்பிடுங்கள். அவருக்குத் தெரியாததை எல்லோருக்கும் முன்னால் திருத்தாதீர்கள்.

நமது பந்திக்கு விதி குறைவா? இலையின் நுனி இடப்பக்கம் இருக்க வேண்டும். எல்லோருக்கும் பரிமாறும் வரை கை வைக்கக் கூடாது. நல்ல காரியத்தில் இலையை நம் பக்கமாக மடிக்க வேண்டும், துக்க வீட்டில் மற்றப் பக்கமாக. ஒரு வெள்ளைக்காரர் வந்து இருந்தால் திகைத்துத்தான் போவார். நாங்கள் சிரிப்போமா? பக்கத்தில் இருந்து காட்டிக் கொடுப்போம். அதே மரியாதையை நாங்கள் நமக்கும் கொடுக்கலாம்.

ஆனால் நமது பந்திகளைப் பற்றி இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நமது சங்கம் தோன்றிய அந்த 1920களில், யாழ்ப்பாணத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்க முடியவில்லை, ஒரே வரிசையில் உண்ண முடியவில்லை. சாதியின் பெயரால் சிலர் நிலத்தில் இருத்தப்பட்டார்கள். சம ஆசனம், சம போசனம் வேண்டும் என்று அந்நாளில் போராடினார்கள். 1924இல் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அதை முன்னெடுத்தது. எதிர்ப்பு மிகக் கடுமையாக இருந்தது. யார் யாரோடு இருந்து சாப்பிடுவது என்பது இந்த மண்ணில் சின்ன விஷயமாக ஒருபோதும் இருந்ததில்லை.

அந்தப் பெரிய தடையைத் தாண்டி வந்தவர்கள் நாங்கள். இன்று ஒரு முள்ளுக்கரண்டி நம்மில் ஒருத்தியை வெளியே நிறுத்த விடலாமா? இங்கிலீஷ் தெரிந்தவள், தெரியாதவள், வெளிநாட்டுக்காரி, ஊர்க்காரி என்று இரண்டு பந்தி வேண்டாம். விருந்தன்று ஒவ்வொரு மேசையிலும் உள்ளூரவரும் வெளியூரவரும் கலந்து இருக்கும்படி ஒழுங்கு செய்யுமாறு செயலாளரைக் கேட்டிருக்கிறேன். அவர் சம்மதித்துவிட்டார்.

கடைசியாக ஒன்று. உங்களுக்குப் பரிமாறும் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, "நன்றி, பிள்ளை" என்று சொல்லுங்கள். பகல் முழுதும் நின்ற கால்கள் அவை. அந்தப் பிள்ளையும் எங்கோ ஒரு பள்ளியின் பழைய மாணவி அல்லது மாணவன். தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்லக் காத்திருப்பவர். கத்தி பிடிக்கத் தெரியாதவரை எந்த வெயிற்றரும் நினைவில் வைத்திருப்பதில்லை. தன்னை அதட்டியவரை நெடுநாள் மறக்கமாட்டார்.

கூட்டம் முடிந்ததும் பின்வரிசை மேசையில் கோப்பை, கத்தி, கரண்டி எல்லாம் பரப்பி வைத்திருக்கிறேன். பழைய மனையியல் வகுப்பைப் போல வந்து பழகிப் பாருங்கள், புள்ளி போடமாட்டேன். அதற்குப் பக்கத்திலேயே விருந்துக்குப் பெயர் கொடுக்கும் கொப்பியும் இருக்கிறது. தொலைபேசியில் பேசிய அந்தத் தோழி இரண்டாவது வரிசையில்தான் இருக்கிறாள். அவளுடைய பெயரை முதலாவதாக எழுதப் போகிறேன். அன்றிரவு என் பக்கத்துக் கதிரை அவளுக்குத்தான்.